ஒட்டாத விந்தணு: உசிலம்பட்டிப் பெண்ணின் முட்டையுறையில் இல்லாமல் போன ஒரு புரதம்

முதல் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சுழற்சியின் அறிக்கையில் மூன்றே செய்திகள் இருந்தன. எடுத்த முட்டைகள் 11. கருத்தரித்தவை 0. காரணம், "முட்டைத் தரம் குறைவு". அடியில் தானமுட்டைக்குப் பரிந்துரை. படம் இல்லை, அளவு இல்லை, விந்தணு முட்டைமேல் ஒட்டியிருந்ததா என்ற குறிப்பும் இல்லை. அந்தக் கடைசிக் குறிப்பு ஒன்று இருந்திருந்தால் இந்தக் குடும்பத்துக்கு ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

இங்கே விவரிக்கும் தம்பதி ஒரே குடும்பத்தின் நேர்ப்பதிவு அல்ல. கருத்தரிப்பு ஆய்வகங்களில் பயில்வோருக்காக, இந்தக் குறைபாடு வெளிப்படும் விதத்தை ஒரே கோப்பாகச் சேர்த்துக் கட்டிய நிகழ்வு. உயிரியலும் செய்முறை அளவுகளும் அப்படியே நடைமுறையில் உள்ளவை.

தம்பதி

பெண்ணுக்கு வயது 26, கணவருக்கு 34. ஊர் உசிலம்பட்டியைத் தாண்டிய ஒரு கிராமம். திருமணமாகி ஆறு ஆண்டுகள். கணவர் அவருடைய தாய்மாமன், அதாவது அம்மாவின் கடைசித் தம்பி.

மாதவிடாய் 28 முதல் 30 நாளுக்குள் தவறாமல் வருகிறது. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ஹார்மோன் மில்லிக்கு 3.1 நானோகிராம், இரு சூலகங்களிலும் சேர்த்து முட்டை வளரும் 14 சிறு நுண்ணறைகள், எச்எஸ்ஜி எக்ஸ்ரே படத்தில் இரண்டு கருக்குழாயும் திறந்திருக்கின்றன. கணவரின் விந்து 2.4 மில்லி; ஒரு மில்லியில் 5.8 கோடி விந்தணு. முன்னோக்கி நகர்பவை 48 சதவீதம். சரியான வடிவம் 6 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் கீழ் எல்லைகள் முறையே 1.4 மில்லி, 1.6 கோடி, 30 சதவீதம், 4 சதவீதம். எல்லாமே எல்லைக்கு மேலே.

இப்படி எல்லாம் சரியாக இருந்தும் குழந்தை தங்காத தம்பதிக்கு "காரணம் தெரியாத மலட்டுத்தன்மை" என்று எழுதி, மாத்திரை கொடுத்து, ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்வது வழக்கம். இவர்களுக்கு மூன்று ஐயுஐ நடந்திருந்தன. இப்போது காரணம் தெரிந்த பிறகு பார்த்தால், முப்பது செய்திருந்தாலும் பலன் வந்திருக்காது.

கேட்காமல் விட்ட கேள்வி

மதுரை வட்டாரத்தில் எந்த மையத்திலும் முதல் நாளே கேட்கிறார்கள்: "சொந்தத்துல கட்டுனீங்களா?" தாய்மாமன் என்றதும் படிவத்தில் ஒரு கோடு போட்டு, பிறக்கும் குழந்தைக்கு வரக்கூடிய நோய்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்கள். அந்தக் கேள்வி பிறக்கப்போகும் பிள்ளைக்கானது. பெண்ணின் முட்டையில் உள்ள குறையை அது தொடவே தொடாது.

ஒரு பெண்ணின் ஜீனில் இரண்டு பிரதியும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டுமானால், ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். அவள் யாரைக் கட்டினாள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அவளைப் பெற்றவர்கள் யாரை யார் கட்டினார்கள் என்பதே விஷயம். ஆகவே கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "உங்க அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்கு முன்னாடியே சொந்தமாம்மா? எந்த வழியில?"

இந்தப் பெண்ணின் பதில்: "ஆமா, எங்கப்பா எங்கம்மாவுக்கு அத்தை மகன்." அடுத்த கேள்வி உடன்பிறந்தவர்களைப் பற்றியது. அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். அக்காவை ஆண்டிபட்டிப் பக்கம் சொந்தமில்லாத இடத்தில் கட்டிக்கொடுத்து எட்டு ஆண்டு ஆகிறது, குழந்தை இல்லை.

இரண்டு அக்கா தங்கைக்கும் இல்லை, அண்ணனுக்கு இருக்கிறது, பெற்றோர் நெருங்கிய சொந்தம். இந்த மூன்றும் ஒரே தாளில் வந்தால், முட்டைக்கு மட்டும் தேவைப்படுகிற ஏதோ ஒரு ஜீனைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு மருமகன்களும் வேறு வேறு குடும்பம் என்பதால் ஆண் பக்கக் குறை என்பது ஏறக்குறைய விலகிவிடுகிறது. பேனாவும் காகிதமும் போதும், செலவே இல்லாத சோதனை இது.

உறை என்ன செய்கிறது

மனித முட்டையைச் சுற்றி 15 முதல் 20 மைக்ரான் தடிப்பில் ஒளி ஊடுருவும் ஓர் உறை இருக்கிறது. ஆய்வகத்தில் எல்லோரும் ஸோனா என்பார்கள், முழுப்பெயர் ஸோனா பெலூசிடா. முட்டை வளரத் தொடங்கும் காலத்திலேயே அது தானே சுரந்து தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. மனிதரில் இதில் நான்கு புரதங்கள்: இசட்பி1, இசட்பி2, இசட்பி3, இசட்பி4. முறையே 638, 745, 424, 540 அமினோ அமில நீளம். அவற்றின் ஜீன்கள் 11, 16, 7, 1 ஆகிய குரோமோசோம்களில். எலிக்கு நான்காவது கிடையாது, அந்த ஜீன் அதில் செயலிழந்து கிடக்கிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தும்போது இதை மறக்கக் கூடாது.

நான்கிலும் பொதுவாக ஏறத்தாழ 260 அமினோ அமிலம் கொண்ட ஒரு பகுதி உண்டு. அதற்குப் பெயரே இசட்பி பகுதி. புரதங்கள் ஒன்றையொன்று பற்றி இழையாக நீள்வது அதன் வழியாகத்தான். ஒவ்வொரு புரதமும் முதலில் முட்டையின் சவ்வில் வாலை ஊன்றி நிற்கும். வாலுக்கு முன்னால் உள்ள வெட்டுமிடத்தில் அது அறுந்தால்தான் வெளியேறி, வளர்ந்துகொண்டிருக்கும் இழையில் சேரும். வால் அறும் வரை சேர விடாமல் ஒரு சிறு துண்டு பூட்டுபோல் தடுத்துக்கொண்டிருக்கிறது. பூட்டு முன்கூட்டியே கழன்றால் புரதங்கள் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இழையில் இசட்பி2, இசட்பி3 இரண்டும் மாறி மாறி வருகின்றன. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை கட்டுபவர் கையைப் பார்த்தவருக்கு இது எளிதில் விளங்கும்: எதிரும் புதிருமாக வைத்து, நாரால் இறுக்கி, அடுத்த ஜோடி. அப்படி நீளும் சரங்களைக் குறுக்கே இழுத்துக் கட்டி வலையாக்குவது இசட்பி1. இசட்பி4 அதன் நெருங்கிய உறவு.

விந்தணு எதில் ஒட்டுகிறது என்பதில் நீண்ட காலம் வேறொரு விடை இருந்தது. 1980இல் எலி முட்டையுறையிலிருந்து பிரித்த இசட்பி3தான் விந்தணுவைப் பிடிக்கிறது என்று முடிவு வந்தது. கல்லூரியில் கருவியல் படித்தவர்கள் பலருக்கு அதுவே நினைவிருக்கும். ஜீன் மாற்றிய எலிகளை வைத்து நடந்த பின்னாளைய சோதனைகள் விரலை இசட்பி2 பக்கம் திருப்பின. மனித விந்தணு எலியின் உறையில் ஒட்டாது. மனித இசட்பி2 இருக்கும்படி எலியை மாற்றினால் அந்த உறையில் ஒட்டுகிறது. 2012இல் இது காட்டப்பட்டது. ஒட்டும் இடமும் குறுகியது: புரதத்தின் முன்முனையில் ஏறத்தாழ 50ஆவது அமினோ அமிலத்திலிருந்து 150ஆவது வரை.

அதே முன்முனைதான் கதவை மூடவும் பயன்படுகிறது. ஒரு விந்தணு உள்ளே போனதும் முட்டையின் ஓரத்தில் காத்திருக்கும் துகள்கள் வெடித்து, ஓவஸ்டாசின் என்ற நொதியை வெளியே விடுகின்றன. அது இசட்பி2இன் முன்முனையை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட பிறகு புதிய விந்தணு ஒட்டுவதில்லை, உறையும் இறுகுகிறது. அந்த வெட்டு உறையின் இழைகளை ஒன்றோடொன்று நெருங்கச் செய்வதாக 2024இல் வெளியான கட்டமைப்பு ஆய்வு காட்டியது. திறக்கும் தாழும் பூட்டும் தாழும் ஒரே புரதத்தில் இருக்கின்றன.

ஆக, இசட்பி2 இல்லாத முட்டையில் இரண்டு அடையாளம் எதிர்பார்க்கலாம். மற்ற மூன்றும் சேர்ந்து ஏதோ ஓர் உறையைக் கட்டும், அது மெலிந்திருக்கும். அதன்மேல் விந்தணு ஒட்டாது. நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் இரண்டு குடும்பங்களில் இதையே கண்டு 2019இல் மருத்துவ உலகுக்குத் தெரிவித்தார்கள். முட்டைக்குள் இருக்கும் எந்திரம் பழுதில்லை என்பதால், ஊசியால் விந்தணுவை உள்ளே விட்டால் கரு உருவாகிறது.

முதல் சுழற்சியில் கண்முன்னே இருந்தவை

முதல் சுழற்சி வழக்கமான ஐவிஎஃப்; முட்டையையும் விந்தணுவையும் தட்டில் சேர்த்து, தானாகக் கருத்தரிக்க விடுவது. நுண்ணறைகளை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோன் தினம் 225 யூனிட், பத்து நாள். முட்டைத்திரள் (முட்டையும் சுற்றுச் செல்களும் சேர்ந்தது) 11. மில்லிக்கு ஒரு லட்சம் நகரும் விந்தணு என்ற அளவில் விட்டார்கள். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. விந்து நன்றாக இருக்கும்போது இக்ஸியை, அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவதை, தவிர்ப்பது சரியான மருத்துவம்.

தவறியது மறுநாள் காலையில். 17 மணி நேரம் கழித்துச் சுற்றுச் செல்களை நீக்கிப் பார்க்கும்போது, கண் நேராக முட்டையின் நடுவுக்குப் போகிறது. கருத்தரித்ததன் அடையாளமான இரண்டு முன்கருக்கள் (முட்டையிலிருந்து ஒன்று, விந்தணுவிலிருந்து ஒன்று) இருக்கின்றனவா என்று தேடுகிறது. இல்லை என்றால் அடுத்த முட்டை. உறையை யாரும் பார்ப்பதில்லை. இயல்பான உறையில், கருத்தரிக்காமல் போன முட்டையிலும், டஜன் கணக்கில் விந்தணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்; சில பாதி புதைந்து வால் அசைத்துக்கொண்டிருக்கும். இங்கே ஒன்பது முட்டையில் ஒன்றில்கூட ஒன்றுமே இருந்திருக்காது. அது உடனே கண்ணில் உறைக்க வேண்டிய வெறுமை.

மீதி இரண்டு? "சிதைந்தவை" என்று எழுதியிருக்கிறது. செல்களை நீக்கும்போது உடைந்தவை என்பதே பொருத்தமான விளக்கம். மெலிந்த உறை 140 மைக்ரான் பிப்பெட்டின் உரசலைத் தாங்காது. பதினொன்றில் இரண்டு உடைந்தால் கை கடினமா, உறை மெலிதா என்று கேட்க வேண்டும்.

"முட்டைத் தரம்" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒன்பது முட்டையும் முதல் துருவச் செல்லை (முட்டை முதிரும்போது ஒதுக்கித் தள்ளும் சிறு செல்) வெளியேற்றி முதிர்ந்து நின்றவை. 26 வயதுப் பெண்ணிடம் "உன் முட்டை தரமில்லை" என்று சொல்லி அனுப்பினால், அந்தச் சொல் ஊர் வரை போகும், மாமியார் வரை போகும். இங்கே மாமியார் அவருடைய சொந்த அம்மாச்சி. கண்டதை எழுதலாம்: "முதிர்ந்தவை 9, முன்கரு இல்லை, உறையில் விந்தணு இல்லை." இதற்குமேல் தெரியாததைத் தீர்ப்பாக எழுத ஆய்வகத்துக்கு உரிமை கிடையாது.

தானமுட்டைப் பரிந்துரையும் அவசரம். 2021ஆம் ஆண்டு ஏஆர்டி (கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்ப) சட்டப்படி முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. இவ்வளவு அரிதான ஒன்றை, சொந்த முட்டையே பயன்படக்கூடிய பெண்ணுக்கு எழுதுவது இரு பக்கமும் இழப்பு.

இரண்டாம் சுழற்சி

மருந்தளவு மாற்றவில்லை. முட்டை எண்ணிக்கை நன்றாக இருந்தது, கூட்ட வேண்டிய தேவையில்லை. மாறியது ஆய்வகத்தின் திட்டம்தான்: முதிர்ந்தவை அனைத்துக்கும் இக்ஸி, முதிராதவற்றை உறைச் சோதனைக்கு ஒதுக்குதல், ஒவ்வொரு முட்டைக்கும் படம்.

நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. முட்டையை முதிரச் செய்யும் ஊக்க ஊசி போட்டு 36ஆவது மணியில் முட்டை எடுக்க வேண்டும். 38ஐத் தாண்டினால் முட்டை தானே வெடித்து வெளியேறத் தொடங்கும். கணக்குப் போட்டால் முட்டை எடுக்கும் காலை, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் விழுந்தது. முந்தைய இரவே தல்லாகுளம், கோரிப்பாளையம், ஏ.வி. பாலம் எல்லாம் மனிதத் தலையாகிவிடும். உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி, காளவாசல் வழியாக வருபவர் வைகையைக் கடந்து வடகரை வருவது நடக்காத காரியம். எனவே ஊசி போட்ட இரவிலிருந்தே வடகரையில், மையத்துக்கு நடந்து வரும் தூரத்தில் தங்கச் சொன்னார்கள். சித்திரை மாதச் சுழற்சிகளுக்கு இதைப் படிவத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, முட்டை எடுக்கும் நாளில் தலையில் பூ வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மல்லிகை வாசம் என்பது காற்றில் கலக்கும் ஆவிச் சேர்மங்கள்தான். இன்குபேட்டர் அறைக்குப் பக்கத்தில் வாசனைத் திரவியம் எப்படி ஆகாதோ அப்படியே இதுவும். வாசலில் வைத்துக் கழற்றச் சொன்னால் மனம் சங்கடப்படும். முன்பே காரணத்தோடு சொன்னால் யாரும் வருந்துவதில்லை.

திரள் 13 கிடைத்தது. சுற்றுச் செல்களைப் பிரிக்கும் ஹையலுரோனிடேஸ் நொதி மில்லிக்கு 80 யூனிட், 30 விநாடிக்கு மேல் இல்லை. வழக்கமாக 170 மைக்ரான் பிப்பெட்டில் தொடங்கி 140 வரை இறங்குவார்கள். இங்கே 170இலேயே நிறுத்தி, ஒட்டிய செல்கள் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் விட்டுவிட்டார்கள். முழுச் சுத்தம் தேவையில்லை. துருவச் செல் தெரிந்தால் போதும். உடைந்தது எதுவுமில்லை. முதிர்ந்தவை 10, அரைமுதிர்ச்சி 1, முதிராதவை 2.

உறையின் தடிப்பை 400 மடங்கு பெருக்கத்தில், கடிகார முகத்தின் 12, 3, 6, 9 ஆகிய நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுத்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் அளந்தால் ஏமாற்றும், உறை எங்கும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. இந்தப் பெண்ணின் முட்டைகள் 6 முதல் 8 மைக்ரான். அன்றே எடுத்த வேறொரு பெண்ணின் முட்டைகள் 16, 17.

இக்ஸியில் கை பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. இயல்பான முட்டையில் ஊசி முதலில் உறையின் எதிர்ப்பைச் சந்திக்கும். அழுத்தம் கொடுத்து, உறை விட்டுக்கொடுத்த பிறகு சவ்வைத் தனியாக உடைப்போம். உறை மெலிந்தால் இந்த இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். பழைய விசையோடு தள்ளினால் ஊசி எதிர்ச்சுவர் வரை போய் முட்டையைக் கிழித்துவிடும். பிடிக்கும் பிப்பெட்டின் உறிஞ்சலையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உறையோடு சேர்ந்து முட்டையும் வாய்க்குள் உப்பும். உள்விட்டம் 5 மைக்ரான் உள்ள வழக்கமான ஊசியே போதும். மெதுவாக, பாதி விசையில் செலுத்த வேண்டும்.

பத்தில் ஒன்று சிதைந்தது. எட்டில் இரண்டு முன்கரு வந்தது, ஒன்றில் எதுவும் இல்லை. இக்ஸிக்கு, ஆய்வகத் தர அளவுகளை வகுத்த நிபுணர்களின் வியன்னா கருத்தொருமிப்பு சொல்லும் குறைந்தபட்சத் தகுதி 65 சதவீதக் கருத்தரிப்பு, இலக்கு 80. சேதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5க்குள் இருந்தால் நன்று. கருத்தரிப்பில் இலக்கைத் தொட்டாயிற்று. சேதத்தில் விளிம்பில் நிற்கிறது, அதற்கு உறைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு கையைச் சரிபார்க்காமல் விடக் கூடாது.

ஒட்டும் சோதனை

இக்ஸி வெற்றி பெற்றது என்பதாலேயே குறை முட்டையுறையில் என்று நிரூபணம் ஆகாது. விந்தணுவால் உறையைத் துளைக்க முடியாமல் இருந்தாலும் ஐவிஎஃப் பூஜ்யமாகி இக்ஸி பலிக்கும். பிரித்தறிய ஒரே நேரத்தில் இரண்டு உறைகள் வேண்டும்.

பெண்ணின் முதிராத மூன்று முட்டைகளும், எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு வேறொரு பெண்ணிடமிருந்து பெற்ற இரண்டு முதிராத முட்டைகளும், ஒரே தட்டில், தனித்தனித் துளிகளில். முட்டை முதிராவிட்டாலும் உறை கட்டி முடிந்திருப்பதால் இந்தச் சோதனைக்குப் போதுமானது. அதே கணவரின், அதே முறையில் தயாரித்த விந்தணு, மில்லிக்கு ஒரு லட்சம். 37 டிகிரியில் நான்கு மணி நேரம். பிறகு அகலப் பிப்பெட்டில் நான்கைந்து முறை மெதுவாக ஏற்றி இறக்கி, சும்மா தொற்றிக்கொண்டிருந்தவற்றை உதிர்த்துவிட்டு எண்ணினார்கள். இந்தக் கழுவல்தான் சோதனையின் உயிர். குறைவாகக் கழுவினால் மிதப்பவையும் கணக்கில் வரும், அதிகமாகக் கழுவினால் ஒட்டியதும் போகும். இரண்டு குழுவுக்கும் ஒரே கை, ஒரே எண்ணிக்கை.

மற்றப் பெண்ணின் ஒவ்வோர் உறையிலும் நாற்பதுக்கு மேல். இந்தப் பெண்ணின் மூன்றிலும் ஒன்றுகூட இல்லை. கணவர் மேல் இருந்த கேள்வி அத்தோடு தீர்ந்தது.

கணக்கு வேறு விதமாக வந்திருந்தால் வேறு திசையில் தேட வேண்டும். இரண்டு உறையிலும் ஒட்டவில்லையென்றால் விந்தணு. ஒட்டியும் உள்ளே போகவில்லையென்றால் விந்தணுவின் துளைக்கும் திறன், அல்லது சவ்வுகள் இணையும் கட்டம். இக்ஸி செய்தும் முன்கரு வரவில்லையென்றால் முட்டையின் வீ2 ஜீனையோ, முட்டையைத் தட்டி எழுப்பும் விந்தணுப் புரதமான பிஎல்சி ஸீட்டாவையோ பார்க்க வேண்டும். முட்டைகளே முதல் கட்டத்தைத் தாண்டாமல் நின்றால் டியூப்8 என்ற ஜீன் நினைவுக்கு வர வேண்டும்.

இரத்தப் பரிசோதனையும் குடும்பக் கணக்கும்

பெண், கணவர், பெண்ணின் பெற்றோர் ஆகிய நால்வரிடமும் மூன்று மில்லி இரத்தம், உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில். அனுப்பும் படிவத்தில் "மலட்டுத்தன்மை" என்று மட்டும் எழுதினால் ஜீன் ஆய்வகம் எங்கே தேடுவது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான மாற்றங்களில் முழுகும். "ஐவிஎஃபில் முழுத் தோல்வி, உறை 7 மைக்ரான், விந்தணு ஒட்டவில்லை, பெற்றோர் அத்தை மகன் மாமன் மகள்" என்று எழுதினால் நேராக இசட்பி ஜீன்களுக்குப் போவார்கள்.

இசட்பி2 ஜீனின் இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம். ஜீனின் எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் சட்டகம் நகர்ந்து, புரதம் இசட்பி பகுதிக்கு நடுவிலேயே முடிந்துவிடுகிறது. வாலும் இல்லை, இழையில் பற்றும் கொக்கியும் முழுதாக இல்லை. அம்மா, அப்பா இருவருக்கும் ஒரு பிரதியில் மட்டும். கணவருக்கும் ஒரு பிரதியில்.

கணவரின் முடிவுதான் நீண்ட பேச்சுக்கு உரியது. அம்மாவின் பழுதுப் பிரதி அவருடைய அப்பா வழியில் வந்தது. அந்தத் தாத்தாவின் தங்கைதான் பெண்ணின் அப்பாவைப் பெற்ற அப்பத்தா. கணவர் அதே தாத்தாவின் மகன் என்பதால் சோதிக்கும் முன்பே அவரிடம் பழுது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கிறது என்று தெரிந்த பிறகு கணக்கு இப்படி ஆகிறது: பிறக்கும் எல்லாப் பிள்ளைகளும் அம்மாவிடமிருந்து ஒரு பழுதுப் பிரதியைப் பெற்றே தீரும். அப்பாவிடமிருந்தும் பெற இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பெற்ற மகளுக்கு அம்மாவின் நிலைமைதான். மகனுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இந்தப் புரதம் முட்டைக்கு மட்டும் உரியது. அண்ணனுக்குப் பிள்ளைகள் இருப்பதால் அவர் பழுதைச் சுமக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு பிரதியும் கெட்டிருந்தாலும் ஆண் தகப்பனாவான்.

அப்படியானால் ஆண் கருவாகப் பார்த்து வைக்கலாமே என்று குடும்பத்தில் யாராவது கேட்பார்கள். பாலினம் பார்த்துக் கருவைத் தேர்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது: இது உயிருக்கோ உடலுக்கோ கேடு செய்யும் நோய் இல்லை. மகள் முழு ஆரோக்கியத்தோடு வளர்வாள். குழந்தை வேண்டும் என்று அவள் நினைக்கும் வயதில் இந்தத் தாளை எடுத்துக் காட்டினால் முதல் நாளே இக்ஸிக்குப் போய்விடலாம். தாளைப் பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும், ரேஷன் கார்டு, பத்திரம் வைத்திருக்கும் பையிலேயே.

யார் மேலும் பழி விழாமல் பேசுவது இந்தக் கட்டத்தின் பாதி வேலை. "சொந்தத்துல கட்டுனதாலதான்" என்று சொல்லிவிட்டால் பெற்றவர்கள் தலை குனிந்துவிடுவார்கள். அத்தை மகனைக் கட்டியது அவர்கள் செய்த தவறல்ல, முறை. கண்ணுக்குத் தெரியாமல் மூன்று தலைமுறை வந்த ஓர் எழுத்துப்பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே வீட்டில் சந்தித்தது என்பதை அவர்கள் மொழியில் சொல்ல முடியும்.

உறையே இல்லாமல் வந்தால்

இதே இசட்பி ஜீன்களில் வேறொன்றில் பழுது இருந்தால் மேசைமேல் காண்பதும் வேறு. இசட்பி1இன் இரண்டு பிரதியும் கெட்ட பெண்களில் உறை அறவே இல்லாத முட்டை வரலாம். 2014இல் முதன்முதலில் ஒரு குடும்பத்தில் இதை விளக்கினார்கள். அரைகுறை இசட்பி1, மற்றவற்றையும் செல்லுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. இசட்பி3இல் ஒரே பிரதியின் ஒரு வகை மாற்றமே போதும், ஊசி போட்டு உறிஞ்சினால் முட்டையே கிடைக்காமல் போகும், 2017இல் தெரியவந்தது. அங்கே அம்மாவோ அப்பாவோ ஒருவர் வழியாகவே வரும், சொந்தக் கல்யாணம் தேவையில்லை.

வெறும் சவ்வோடு வரும் முட்டையைப் பலர் "சிதைந்தது" என்று தூக்கிப் போடுகிறார்கள். போடக் கூடாது. அதற்கும் இக்ஸி செய்யலாம், குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஒரு துளிக்கு ஒரு முட்டை. ஐந்தாம் நாள் வரை தட்டை அசைக்கவே வேண்டாம், ஏனென்றால் நான்காம் நாள் செல்கள் ஒன்றோடொன்று இறுகும் வரை அவற்றைச் சேர்த்து வைத்திருக்க உறை இல்லை. மூன்றாம் நாள் மாற்றினால் பிப்பெட்டிலேயே பிரிந்துவிடும்.

இந்தப் பெண்ணின் கருக்களுக்கும் அதே எச்சரிக்கை, கொஞ்சம் தளர்வாக. ஆறு சதவீதக் கார்பன் டையாக்சைடு, ஐந்து சதவீத ஆக்சிஜன், தனித்தனித் துளி. முன்கருப் பரிசோதனைக்குப் பிறகு ஐந்தாம் நாள்தான் அடுத்த பார்வை. லேசரால் உறையைத் துளைக்கும் உதவி வேண்டாம், துளைக்க என்ன இருக்கிறது? எட்டில் நான்கு பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாம் நாள் வளர்ச்சியை எட்டிய கரு) ஆயின, நான்கையும் உறைய வைத்தார்கள்.

முதல் முறை கருப்பைக்கு மாற்றியபோது ஒரு கரு வைத்தார்கள், தங்கவில்லை. இரண்டாம் முறையும் ஒன்றே. ஏழாம் வாரம் இதயத்துடிப்பு தெரிந்தது, 38ஆம் வாரம் பெண் குழந்தை. இரண்டு கரு மிச்சம் இருக்கிறது.

அக்காவின் கோப்பு இப்போது திறந்திருக்கிறது. இரத்த முடிவில் அவருக்கும் இரண்டு பிரதியும் அதே மாற்றம். கணவர் சொந்தமில்லை, அவரிடம் பழுது இல்லை, ஆகவே பிள்ளைகள் ஒரு பிரதியைச் சுமப்பார்கள், மகளுக்கும் தொல்லை வராது. வயது 31. ஆடி கழித்து ஆவணியில் தொடங்கலாம் என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பது: ஐயுஐ வேண்டாம், ஐவிஎஃப் வேண்டாம், முழுவதும் இக்ஸி, பிப்பெட் 170க்குக் கீழே இறங்க வேண்டாம், உறையின் தடிப்பை நான்கு இடத்தில் அளந்து படத்தோடு சேர்க்கவும்.